தலைமுழுகின பிறகு

கண்டாவளை
19.01.2025

என்ர அண்ணாவுக்கு,

கை நோகுது எண்டதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். ஏ.எல். சோதினைக்குப் பிறகு நான் பேனையே தொடேல்லை. உங்கட புனர்வாழ்வு நிலையத்தில ஃபோன் தரமாட்டினமாம், கடிதம் மட்டும்தான் விடுவினமாம். இந்தக் காலத்தில கடிதம்! தபால்கந்தோரில முத்திரை கேக்க அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பாத்தவா. "ஆருக்குத் தங்கச்சி, லவ்வோ?" எண்டா. "இல்லையக்கா, கிருசாந்தன் அண்ணாக்கு" எண்டன். பேந்து அவா முத்திரையை மேசையில தள்ளிவிட்டா.

நாங்கள் இந்த வருசம் பொங்கேல்லை. கதிர்காமநாதன் மாமா வேலிக்கு அங்கால நிண்டு, "என்ன நடராசாண்ணை, பானை வைக்கேல்லையே?" எண்டு கேட்டவர். அப்பா, "துடக்கு" எண்டார். செத்தவீடு நடந்த வீட்டில ஒரு வருசத்துக்குப் பொங்கிறேல்லைத்தானே. உன்னைத்தான் அவர் செத்த கணக்கில வைச்சிருக்கிறார்.

உனக்கு இது தெரிஞ்சிருக்காது. நீ மண்வெட்டிப் பிடியால அப்பாவின்ர வலக்கையை உடைச்சுப்போட்டு ஓடி, பொலிஸ் உன்னைப் பிடிச்சு, நீதவான் உன்னை அங்க அனுப்பி, எல்லாம் முடிஞ்ச பிறகு அப்பா ஆசுப்பத்திரியால வந்தவர். வீட்டுக்கு வரேல்லை. ஓட்டோவை கமக்கார சங்கக் கட்டடத்துக்கு முன்னால நிப்பாட்டச் சொல்லி, கட்டுப்போட்ட கையை மேல தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்குள்ள இறங்கித் தலைமுழுகினவர். சங்கத்தில வயல்காரரின்ர கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் வெளியில வந்து நிண்டு பாத்தவை. "எனக்கு மகன் இல்லை" எண்டு அவையைப் பாத்துச் சொல்லிப்போட்டு ஈர வேட்டியோட வீட்டுக்கு நடந்தார்.

அண்ணா, சித்திரை வருசம் முடிய உன்னை விடுவினமாம். ஆனா வீட்டுக்குப் பொறுப்பான ஆள் நேரில வந்து கூட்டிக்கொண்டு போகோணுமாம். நான் வாறன் எண்டு கேட்டுப் பாத்தன். ஏலாதாம். அப்பாதானாம். அப்பா வராட்டி என்ன நடக்கும் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசல்ல ஜெயந்தன் நிப்பான். உனக்கு ஐஸ் போதை பழக்கினவன் உன்னை அப்பிடியே கொழும்புக்குக் கொண்டு போவான். அதுக்குப் பிறகு உண்மையாவே துடக்குத்தான்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். நான் ஓசியாவுக்கு ஃபேன் ஆகிட்டன்!!! ஆர் உந்த ஓசியா எண்டு கேப்பாய். பழைய இஸ்ரவேல் நாட்டில இருந்த ஒரு தீர்க்கதரிசி. யூடியூபில ஒராள் போட்ட ஷோர்ட்ஸ் தற்செயலா வந்துது. அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை. இப்ப எபிரேய எழுத்துக்கூட வலமிருந்து இடமா தட்டுத்தடுமாறி வாசிப்பன். ஃபோன் வோல்பேப்பரும் அவர்தான், நானே கீறினது. பயப்பிடாதை, நான் வேதத்துக்கு மாறேல்லை, கிறிஸ்தவள் ஆகேல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு நான்தான் கொழுத்திறன். இது வேற. இது ஃபேன்.

அவரின்ர மனிசி அவரை விட்டுட்டுப் போயிட்டா. ஊர் சிரிச்சுது. கடவுள் சொன்னாராம், போய்க் கூட்டிக்கொண்டு வா, நானும் என்ர சனத்தை அப்பிடித்தான் கூட்டிக்கொண்டு வரப்போறன் எண்டு. பிறகு ஒரு இடத்தில கடவுள் ஒரு தகப்பன் மாதிரிக் கதைக்கிறார். நான்தானே இந்தப் பிள்ளையைக் கையில பிடிச்சு நடை பழக்கினனான், உன்னை நான் எப்பிடிக் கைவிடுவன், எனக்குள்ள எல்லாம் பிரளுது எண்டு. கடவுள் அண்ணா! கடவுளுக்கே முடிவெடுக்கத் தெரியாமல் நிக்கிறார். நான் அதைப் பாத்திட்டு குசினி நிலத்தில இருந்திட்டன்.

கடைசியில ஓசியா சொல்லுறார், ஆடு மாடு ஒண்டும் கொண்டு வரவேண்டாம், வார்த்தையைக் கொண்டு திரும்பி வாங்கோ எண்டு. வார்த்தை மட்டும் போதுமாம். நீ அப்பாவுக்கு எழுது. ரெண்டு வரி எண்டாலும் எழுது.

யது


02.02.2025

அன்புள்ள யதுர்ஷிகா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வரும் கடிதங்களையும் போகும் கடிதங்களையும் வாசித்த பிறகே விடுகிறார்கள். தமிழ் வாசிக்கும் அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவர் முன்னால் வீட்டுப் பேச்சைப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆகவே பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறேன். சிரிக்காதே.

அப்பா செய்தது சரி. துடக்கு என்று அவர் சொன்னதும் சரி. அந்த வீட்டில் இருந்தவன் செத்துத்தான் போனான். அவனை வார்த்தை எழுதச் சொல்கிறாயே, செத்தவன் எழுதுவானா?

உன் தீர்க்கதரிசியைப் பற்றி. நீ ஒரு நிமிடப் படம் பார்த்து ரசிகை ஆனவள். எனக்கு இங்கே நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சாப்பாட்டு மண்டபத்தில் முன்னட்டை இல்லாத ஒரு வேதாகமம் கிடக்கிறது, யாரோ சபைக்காரர் விட்டுப்போனது. உன் ஓசியாவை முழுவதும் வாசித்தேன். நீ சொல்லாத பக்கங்கள் அதில் இருக்கின்றன. அதே கடவுள் சிங்கம் போலப் பாய்வேன், கிழித்துப்போட்டுப் போவேன், விடுவிக்க ஒருவரும் இருக்கமாட்டார் என்கிறார். அதை ஏன் வெட்டினாய்? அந்தப் படத்துக்குப் பின்னால் போகும் பாட்டுக்குப் பொருந்தவில்லையா?

சித்திரையில் அப்பாவை இங்கே கூட்டிவரும் வேலை வேண்டாம். ஜெயந்தனைத் திட்டாதே. என்னைப் பார்க்க இங்கே வந்த ஒரே ஆள் அவன்தான்.

இப்படிக்கு,
கிருசாந்தன்

பி.கு.: கை எப்படி இருக்கிறது? முழங்கை நிமிர்கிறதா?


கண்டாவளை
12.02.2025

அண்ணா!

நீ வாசிச்சாய்! கடவுளே, நீ முழுசா வாசிச்சிருக்கிறாய்! உன்ர கடிதத்தைக் கண்டிட்டு நான் முத்தத்தில துள்ளினதைக் கதிர்காமநாதன் மாமா பாத்திட்டு, "என்ன பிள்ளை, படிக்கக் கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" எண்டார். அதைவிடப் பெரிசு மாமா எண்டன்.

சிங்கத்தைப் பற்றிக் கேட்டாய். நான் வெட்டினனான்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா நீ அந்த இடத்தில நிண்டிட்டாய், அடுத்த பக்கத்தைத் திருப்பேல்லை. அடுத்த பக்கத்தில சனம் சொல்லுது, வாங்கோ அவரிட்டத் திரும்பிப் போவம், கிழிச்சவர்தான் கட்டுப்போடுவார் எண்டு. திருப்பிப் பார்.

இன்னொண்டு. ஓசியாவின்ர ஒரு பிள்ளைக்குக் கடவுள் வைக்கச் சொன்ன பேரே "என்ர சனமில்லை" எண்டதுதான். பாவம், அதைக் கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பினமே! "என்ர சனமில்லை, சாப்பிட வா" எண்டு. ஆனா பிறகு அவரே சொல்லுறார், எந்த இடத்தில அப்பிடிச் சொன்னனோ அதே இடத்தில பேரை மாத்திக் கூப்பிடுவன் எண்டு. வேற எங்கயோ ஒளிச்சு நிண்டில்லை. அதே இடத்தில.

நான் கோயில் ஐயரிட்டப் போய்க் கேட்டனான். தலைமுழுகினதைத் திருப்பி எடுக்க ஏதும் கிரியை இருக்கோ எண்டு. அவர், "முழுகிறதுக்குத்தான் பிள்ளை சாத்திரம் இருக்கு, முழுகினதை இல்லாமச் செய்ய ஒண்டும் இல்லை" எண்டார். கூகுளிலயும் இல்லை.

கை எப்பிடி எண்டு கேட்டாய். நிமிராது. கட்டு அவிட்டாச்சு, ஆனா முழங்கை மடங்கின மாதிரியேதான். பின்னேரத்தில நான் நல்லெண்ணெய் தடவி நீவிறனான். வேட்டியை இடக்கையாலதான் கட்டுறார். சைக்கிள் ஓடேலாது, உருட்டிக்கொண்டு போறார். காலபோக நெல்லை மிசின் வெட்டிப்போட்டுது. ஆனா கோடையில விதைக்கிற சிறுபோகத்துக்கு என்ன செய்யிறது? உனக்குத் தெரியும்தானே, குளத்துத் தண்ணி முறை வைச்சுத்தான் விடுவினம். எங்கட முறை வந்தா, அது பகலோ இரவோ, அந்த நேரத்துக்கு ஒராள் மண்வெட்டியோட வரம்பில நிண்டு மடை வெட்டித் தண்ணி கட்டோணும். நிக்காட்டித் தண்ணி அடுத்தவன்ர துண்டுக்குப் போயிடும். ஒரு கையால வரம்பு வெட்டேலுமோ? இந்தப் போகம் விதைக்காமல் விடப்போறன் எண்டு அப்பா சொல்லிப்போட்டார். அப்பா விதைக்காமல் விட்டதை நீ எப்பவாவது கண்டனியே?

நான் ஓசியாவைப் போட்டுக் கேக்கேக்க அப்பா வந்து கேட்டுப்போட்டு, "வேதக்காற வீடோ இது? நிப்பாட்டு!" எண்டு கத்தினவர். ஆனா நிப்பாட்டும் வரைக்கும் கதவடியிலதான் நிண்டவர்.

எனக்கு ஒண்டும் எழுதவேண்டாம். அவருக்கு எழுது. அப்பாவைப் பற்றி உனக்கு ஞாபகம் இருக்கிற ஏதாவது ஒண்டை எழுதன். கெஞ்சிக் கேக்கிறன்.

யது


25.02.2025

யது,

பக்கத்தைத் திருப்பினேன். நீ சொன்னது இருக்கிறது.

அப்பாவைப் பற்றி ஒன்று எழுது என்றாய். உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவருக்குக் காட்டாதே, வாசித்தும் காட்டாதே.

உனக்கு அப்போது மூன்று வயது. எதுவும் நினைவிருக்காது. போரின் கடைசி நாட்கள், அம்மாவின் உடலை விட்டுவிட்டு வந்த அடுத்த நாள். நந்திக்கடலுக்குள் சனம் இறங்கி நடந்தது. தண்ணீர் அப்பாவுக்கு நெஞ்சளவு. எனக்கு நிலம் எட்டவில்லை. நீ அவருடைய தோளில். நான் அவருடைய வலக்கையில் தொங்கிக்கொண்டு போனேன். பையில்லை, சாமானில்லை, எல்லாவற்றையும் கரையில் போட்டுவிட்டார். ஒருமுறை என் பிடி நழுவித் தாழ்ந்துபோனேன். கண்ணைத் திறந்தபோது தண்ணீருக்குள் அந்தக் கைதான் என்னைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் என்னைப் பிடித்தது. மற்றக் கரைக்குப் போனபிறகும் விடவில்லை. இரண்டு நாள் அந்த இடம் கன்றிப்போய் இருந்தது.

நான் அடித்தது அந்தக் கையை.

அன்றைக்கு அவர் வாசலை மறித்து நின்றார். என்னைப் போகவிடக்கூடாது என்பதற்காக மட்டும் கையை நீட்டினார். அடிக்க ஓங்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் அடித்தேன்.

இதற்கு எந்தத் தீர்க்கதரிசியிடமும் வார்த்தை இருக்காது.

கிரு


கண்டாவளை
09.03.2025

அண்ணா,

இதை எப்பிடித் தொடங்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் ஒரு விசர் வேலை, பைத்தியக்கார வேலை செய்துபோட்டன்.

உன்ர கடிதத்தை வாசிச்சிட்டு நான் நாள் முழுக்க அழுதன். பிறகு எனக்குள்ள என்னவோ பொங்கிச்சுது. ஓசியா சொன்னதும் நீ எழுதினதும் ஒண்டுதான் அண்ணா, கையில பிடிச்சு நடத்தின தகப்பன். இதை உலகம் கேக்கோணும் எண்டு நினைச்சன். உன்ர பேர் போடேல்லை, முகம் போடேல்லை. என்ர குரலில வாசிச்சு, பின்னால வயலின் போட்டு, வாய்க்கால் தண்ணியைக் காட்டி ரீல் ஆக்கிப் போட்டன். காட்டாதே எண்டு நீ எழுதினதை நான் வாசிச்சனான். அப்பாவுக்குத்தானே காட்டக்கூடாது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

ஒரு நாளில முழு வன்னியும் பாத்திட்டுது. கனகராயன்குளத்தில இருந்து ஜெமீலா, என்னோட ஏ.எல். படிச்சவள், "இது உன்ர குரலடி, இது உங்கட அப்பாவெல்லோ" எண்டு மெசேஜ் போட்டாள். அழிக்கிறதுக்குள்ள பிந்திப் போச்சு.

அப்பா சந்தித் தேத்தண்ணிக்கடையில இருந்தவராம். உரம் விக்கிற ராசு அண்ணை ஃபோனை மேசையில வைச்சு முழுச் சத்தத்தில போட்டவராம். "நடராசாண்ணை, உது உம்மட பெடியன்தானே? கேளும், கேளும், நல்லா எழுதியிருக்கிறான்" எண்டு. எல்லாருக்கும் முன்னால, தொடக்கத்தில இருந்து கடைசி வரைக்கும், தெரிஞ்சுகொண்டுதான் அடிச்சன் எண்டது உட்பட, என்ர குரலில. அப்பா தேத்தண்ணியை அப்பிடியே வைச்சிட்டு எழும்பினவராம். சைக்கிளை எடுக்க மறந்துபோனார். கதிர்காமநாதன் மாமாதான் பிறகு உருட்டிக்கொண்டு வந்து விட்டவர்.

அவர் என்னைத் திட்டிப் பேசேல்லை. பேசியிருந்தா நல்லாயிருக்கும். எண்ணெய் தடவப் போக, கையை இழுத்து மடிக்குள்ள வைச்சுக்கொண்டார்.

மன்னிச்சுக்கொள் எண்டு எழுதக் கை கூசுது. ஆனா வேற சொல் என்னட்ட இல்லை. அடி, பேசு, ஆனா எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதை.

யது


17.03.2025

யதுர்ஷிகா,

இங்கேயும் ஓர் அலுவலர் தன் ஃபோனில் அதைக் காட்டினார். வயலின் நன்றாக இருந்தது.

ஜெயந்தனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன், விடும் நாளன்று வரச்சொல்லி. இனி எழுதாதே.


கண்டாவளை
26.03.2025

அண்ணா,

எழுதாதே எண்டாய். எழுதிறன். கிழிச்சுப் போடு, பரவாயில்லை, அந்தத் தமிழ் அலுவலராவது வாசிக்கட்டும்.

நான் ரீல் போட்ட சனல் எல்லாத்தையும் மூடிட்டன். ஓசியா வோல்பேப்பரையும் எடுத்திட்டன். நான் இவ்வளவு நாளும் உனக்கும் அப்பாவுக்கும் நடுவில நிண்டு தீர்க்கதரிசி மாதிரிக் கதைச்சனான். இப்ப விளங்குது, எனக்கு அந்தக் கதையில பிடிச்சது அழுகையும் பாட்டும்தான். விட்டுட்டுப் போன மனிசியைக் கூட்டிவர அவர் நடந்து போன றோட்டில ஊர்ச்சனம் நிண்டு என்ன சொல்லியிருக்கும் எண்டு நான் ஒருநாளும் யோசிக்கேல்லை. அப்பா தேத்தண்ணிக்கடையால நடந்து வந்த அண்டைக்குத்தான் யோசிச்சன்.

ஆனா ஒண்டு நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதிறன். நான் ஒண்டும் செய்யேல்லை, தானா நடந்தது.

நேற்றுப் பின்னேரம் அப்பா கதிரையைக் கொண்டுவந்து முத்தத்தில போட்டு இருந்து, கையை நீட்டினார். எண்ணெய் தடவச் சொல்லி. நான் முழங்கையில இருந்து விரல் மட்டும் தடவினன். அவர்தான் கதையைத் தொடக்கினார்.

"உந்த ஆள் ஆர், ஓசியாவோ என்னவோ. அவன்ர பெண்சாதி திரும்பி வந்தவளே?"

"வந்தவா அப்பா. அவர்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர்."

"அது விளங்குது. வந்தவள் நிண்டவளோ? பிறகும் ஓடினவளோ?"

அண்ணா, எனக்குத் தெரியேல்லை! இவ்வளவு ஃபேன் எண்டு துள்ளினனான், அதை ஒருநாளும் கேக்கேல்லை. எண்ணெய்க் கையோட ஃபோனை எடுத்து முழுதும் தேடினன். பிள்ளையளின்ர பேர் வருது, நாடு வருது, மழை வருது, பனி வருது. அவாவைப் பற்றிப் பிறகு ஒரு சொல் இல்லை. ஓசியா ஃபேன்மாரின்ர வட்ஸ்அப் குறூப்பில கேட்டன், ஒருத்தர் இதயம் போட்டார், ஒருத்தர் ஆமென் எண்டார். ஒருத்தருக்கும் தெரியாது.

"அதில எழுதேல்லை அப்பா" எண்டன்.

"எழுதேல்லையோ."

"இல்லை."

"அப்ப நிப்பாளோ மாட்டாளோ எண்டு தெரியாமலோ கூட்டிக்கொண்டு வந்தவன்?"

"ஓம் அப்பா."

அவர் மாட்டுக் கொட்டில் பக்கம் பாத்துக்கொண்டிருந்தார். பிறகு, "விசரன்" எண்டார். எழும்பிப் போயிட்டார்.

இவ்வளவுதான். இதில ஒண்டும் இல்லை எண்டு எனக்கும் தெரியும். அவர் வருவார் எண்டு நான் சொல்லேல்லை. ஜெயந்தனை வரவேண்டாம் எண்டு சொல்லு எண்டும் கேக்கேல்லை, கேக்க எனக்கு வாய் இல்லை. ஆனா நீ என்னை வெட்டினாலும் நான் உன்ர தங்கச்சிதான். பதில் போடு. வெறும் தாள் எண்டாலும் போடு.

யது


கண்டாவளை
06.04.2025

அண்ணா,

நீ பதில் போடேல்லை. பரவாயில்லை. இதை வாசிச்சே ஆகோணும். தயவுசெய்து இதைக் கிழிக்காதை.

இண்டைக்குச் சிறுபோகக் கூட்டம். அப்பாவை ஸ்கூட்டியில ஏத்திக்கொண்டு நான்தான் போனனான். விதைக்கேல்லை எண்டு பேரை வெட்டத்தான் போறார் எண்டு நினைச்சன். கமக்கார சங்கத்தில கரண்ட் இல்லை, உள்ளுக்கு அவிஞ்சுது. வெளியில கதிரையைப் போட்டு, வாய்க்கால் ஓரம் மருத மரத்துக்குக் கீழதான் கூட்டம் வைச்சவை. அண்டைக்கு அவர் தலைமுழுகின அதே துறை. அப்பா தண்ணியைப் பாக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

நீர்ப்பாசனக் கந்தோரால வந்தவர் ஒவ்வொருத்தரா முறை கேட்டுக்கொண்டு வந்தார். எங்கடது வந்துது.

"நடராசா ஐயா, போன முறை கதிர்காமநாதன் ஐயா உங்களுக்குத் தண்ணி கட்டினவர். இந்த முறை அவருக்கும் இடுப்பு ஏலாதாம். நீங்கள் விடுறீங்களோ, இல்லாட்டி வேற ஆள் இருக்கோ?"

அப்பா எழும்பினார். அந்தக் கையை மற்றக் கையால பிடிச்சுக்கொண்டு எழும்பினார்.

"மகன் நிப்பான்" எண்டார்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பாத்தவை. பிறகு பின்னுக்கிருந்து ராசு அண்ணை, "எந்த மகன் அண்ணை? உமக்குத்தான் மகனே இல்லையே, இந்தத் தண்ணிக்குள்ள நிண்டு சொன்னனீர், நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள்" எண்டார். கொஞ்சப்பேர் சிரிச்சவை. கொஞ்சப்பேர் நிலத்தைப் பாத்தவை.

அப்பா திரும்பினார். வாய்க்காலைப் பாத்தார்.

"ஓம். சொன்னனான்" எண்டார். "இப்ப இதையும் கேளுங்கோ. எனக்கு ஒரு மகன்தான். கிருசாந்தன். எழுதுங்கோ தம்பி."

அந்தத் தம்பி எழுதினார்.

அதே இடத்தில அண்ணா. நான் ஃபோனை வெளியில எடுக்கேல்லை. சத்தியமா எடுக்கேல்லை. காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சு அமத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்.

திரும்பி வரேக்க ஸ்கூட்டியில பின்னால இருந்து சொல்லுறார், "மன்னிச்சுப்போட்டன் எண்டு உன்ர படத்தில போட்டிடாதை. தண்ணி கட்ட ஆள் வேணும். அவ்வளவுதான்." சரி அப்பா எண்டன். வீடு வந்து இறங்கினாப் பிறகு, "அங்க போக எத்தினை பஸ் மாறோணும்?" எண்டு கேட்டார். நான் சொன்னன். "விடிய வெளிக்கிடோணும் போல" எண்டார்.

அப்பா வாறார் அண்ணா.

நீ ஜெயந்தனுக்குச் சொன்னது சொன்னதுதான். அவனும் வாசல்ல நிப்பான். நீ எந்தப் பக்கம் நடப்பாய் எண்டு எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. தெரியாமல்தான் வாறார்.

யது


12.04.2025

யது,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். பள்ளிக்கூடத் தமிழில் இது வரமாட்டேனென்கிறது.

சரி, அந்த அலுவலர் வாசிச்சா வாசிக்கட்டும்.

நீ செய்தது எனக்கு இன்னும் நோகுது. மன்னிச்சிட்டன் எண்ட அந்தச் சொல்லை இப்ப எழுத மாட்டன். வீட்ட வந்து முகத்தைப் பாத்துச் சொல்லுறன், இல்லாட்டி ரெண்டு அடி போட்டிட்டுச் சொல்லுறன்.

உன்ர ஓசியாவை விட்டிட்டு நான் எசேக்கியேல் எண்ட இன்னொரு ஆளை வாசிச்சுக்கொண்டிருக்கிறன். அந்தாள் சொல்லுறது எனக்குப் பயமா இருக்கு. முதல்ல கடவுள் தன்ர சனத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவாராம். தண்ணி தெளிச்சுக் கழுவுவாராம். நெல்லு விளைய வைப்பாராம். எல்லாம் தந்து முடிஞ்ச பிறகுதானாம் செய்ததெல்லாம் ஞாபகம் வந்து, அவனவன் தன்னைத்தானே அருவருப்பான். வெக்கம் பிறகாம் யது. முதல்ல வெக்கப்பட்டிட்டுத்தான் உள்ளுக்கு வரோணும் எண்டு நான் நினைச்சிருந்தன். அப்பா என்னைப் பேசி அடிச்சா நான் தாங்குவன். சோத்தைப் போட்டுக் கையில மண்வெட்டியைத் தந்தா நான் என்ன செய்வன்?

நான் நிப்பனோ தெரியாது. உண்மையைச் சொல்லுறன். இரவில இப்பவும் உடம்பு கேக்குது. ஒருநாள் எங்கட முறைத் தண்ணி வரேக்க நான் வரம்பில இல்லாமப் போகலாம். அதை அப்பாவிட்ட இப்பவே சொல்லிவிடு. சொன்ன பிறகும் அவர் வாறதெண்டா வரட்டும்.

ஜெயந்தனுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டன். ஆனா அவன் வருவான், எனக்கு அவனைத் தெரியும். அதால அப்பாவை வாசலுக்கு வெளியில நிக்க விடாதை. உள்ளுக்கு வந்து கூப்பிடச் சொல்லு. இந்தக் கட்டடத்தில இருந்து றோட்டு மட்டும் நான் தனிய நடக்க மாட்டன். நடக்கக்கூடாது. அவர் மற்றக் கையால எண்டாலும் என்ர மணிக்கட்டைப் பிடிக்கட்டும்.

பிறகு, பஸ்ஸில அவரை வலப்பக்கம் யன்னலோரமா இருத்து. நடுவில இருந்தா ஏறி இறங்கிற சனம் அந்தக் கையில இடிக்கும்.

கிரு